உப்புத்தண்ணி, நல்லதண்ணி

ஓட்டப்பிடாரத்திலிருந்து கிழக்கே போகிறவருக்குக் கடல் எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, மண்ணே சொல்லிவிடும். ஊரைத் தாண்டியதும் கரிசல். மாசி மாதமென்றால் மிளகாய்ப் பழம் செடியில் சிவந்து நிற்கும். உளுந்து பிடுங்கிய காடு வெடிப்பு விட்டுக் கிடக்கும். கொஞ்ச தூரத்தில் கறுப்பு வெளுக்கத் தொடங்கும். உடைமரங்கள் குடை விரிக்கும். அப்புறம் உப்பளம்: பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் வானம் கிடக்கும், வரப்போரம் உப்பு அம்பாரமாகக் குவிந்திருக்கும். அதற்கும் அப்பால் தருவைகுளம்.

கரிசல் பூமிக்குக் கடற்கரை உண்டு என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பத் தயங்குவார்கள். ஆனால் தருவைகுளமும் பட்டினமருதூரும் ஓட்டப்பிடாரம் ஒன்றியத்து ஊர்கள்தான். மானம் பார்த்த பூமியின் ஓர் ஓரம் மன்னார் வளைகுடாவில் நனைகிறது. இந்தக் கரையை ஒட்டிய கடலில் சில கிலோமீட்டர் தள்ளி, குடியில்லாத குட்டித் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி. வலைக்குப் போகும் படகுகள் அவற்றைக் கடந்துதான் போய்வருகின்றன. பார்க்கலாம். இறங்கிப் படுக்க முடியாது.

ஆளில்லாத தீவில் ஓர் இரவு தங்க வேண்டும் என்ற ஆசை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தமான், மாலத்தீவுப் படங்கள் கைபேசியில் வந்து விழுந்தபடி இருக்கின்றன. நீலக் கடல், வெள்ளை மணல், நடுவே ஒரு கூடாரம். கரிசல்காட்டுக்காரருக்கு வெட்டவெளியில் படுப்பது புதிதல்ல. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கோ, கொடைக்குக் குலதெய்வக் கோயிலுக்கோ குடும்பமே கிளம்பினால் வேனில் முதலில் ஏறுவது தார்ப்பாய், பாய்கள், அண்டா, அரிசி மூட்டை. மரத்தடியில் மூன்று கல் கூட்டி அடுப்பு; ராத்திரி முழுக்கப் பேச்சு. கேம்பிங் என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே தார்ப்பாய் வந்துவிட்டது.

அப்படிக் கிளம்பும் எந்தக் குடும்பத்திலும் ஒரு கிழவி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘அங்க தண்ணி கெடக்குமா?’

இந்தக் கேள்வியோடு மன்னார் வளைகுடாவின் வரைபடத்தைத் திறந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. தீவுகளுக்குப் பெயர் வைத்தவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். வேம்பார்த் தொகுதியில் ஒரு தீவின் பெயர் உப்புத்தண்ணி. அதே தொகுதியில் இன்னொன்றின் பெயர் நல்லதண்ணி. கரிசலில் கிணறு தோண்டியவரின் முகத்தைப் பார்த்து ஊரே கேட்கிற இரண்டு சொற்கள், கடலுக்குள் இரண்டு தீவுகளின் பெயராகிக் கிடக்கின்றன.

*

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை இந்தத் தீவுகளுக்கு இணையாகவே ஓடுகிறது. கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து கிளம்பும் பயணிக்கு இதுதான் வழி. சாலையில் ஊர் மாற மாற, கண்ணுக்குத் தெரியாத தொலைவில் தீவுக்கூட்டமும் மாறுகிறது. தருவைகுளத்தையும் பட்டினமருதூரையும் கடக்கும்வரை தூத்துக்குடித் தொகுதி, நான்கு தீவுகள். வைப்பாறு தாண்டி வேம்பார், சாயல்குடி வந்தால் வேம்பார்த் தொகுதி, மூன்று. ஏர்வாடி, கீழக்கரைக்கு நேரே ஏழு. மண்டபத்தை ஒட்டி ஏழு. மொத்தம் 21. இவற்றில் பெரியது மண்டபம் தொகுதியின் முயல் தீவு, சுமார் 124 ஹெக்டேர். அடுத்தது நல்லதண்ணி, சுமார் 101 ஹெக்டேர். மற்றவற்றில் பல, ஒரு நடுத்தர சம்சாரியின் காட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியவை.

மணல்தீவில் நல்ல தண்ணீர் எப்படி வந்தது? மழை மணலில் இறங்குகிறது. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகவே அடியில் ஊறி நிற்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டினால் குடிக்கலாம். பேராசைப்பட்டு இன்னும் இரண்டு முழம் தோண்டினால் உப்பு மேலேறிவிடும். தீவு அகலமாக இருந்தால் படலம் கனமாக இருக்கும். ஒடுங்கிய தீவில் படலமே தங்காது. கரிசலின் கணக்கும் இதற்குத் தூரமில்லை. ஆழக் கிணற்றில் உவரும் மேலே ஊரணியில் மழைத் தண்ணீரும் இருக்க, குடிக்க ஊரணிக்கும் கழுவக் கிணற்றுக்கும் போன தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் தளர்ந்தது.

இந்தத் தீவுகளில் ஒரு காலத்தில் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். காற்று மாறினால் கரை ஒதுங்கிச் சோறாக்கித் தின்று, மீன் காயவைத்து, காற்று தணிந்ததும் கிளம்புவார்கள். மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பெண்கள் தீவைச் சுற்றியுள்ள பாரில் மூழ்கிக் கடற்பாசி எடுத்து, தீவு மணலில் இளைப்பாறுவார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி என்பவருக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. தீவுகளின் காவலுக்குக் கொடுக்கப்படும் அந்த விருது, தீவில் கால் வைக்கும் உரிமைக்காகப் பேசிவந்த ஒருவர் கைக்குப் போனது.

1986-ல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள், கடற்பசு மேயும் கடற்புல் வெளிகள், ஆமைகள், சங்கு, முத்துச்சிப்பி எல்லாம் இதற்குள் அடக்கம். வனத்துறையின் அனுமதியில்லாமல் தீவில் இறங்குவது குற்றம். இப்போது குருசடைத் தீவுக்குப் பாம்பனிலிருந்து வனத்துறையே சுற்றுலாப் படகு விடுகிறது. பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். கூடாரத்துக்கு இடமில்லை.

இப்படிப் பூட்டுப் போட்டதற்குக் காரணத்தை ஓட்டப்பிடாரம் கடற்கரைக்கு எதிரேயே காணலாம். அல்லது காண முடியாது. 21 தீவுகளில் இரண்டு இப்போது இல்லை: கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டி, தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லி. இரண்டும் கடலுக்கடியில் போய்விட்டன. தீவைச் சுற்றி அரணாக நின்ற பவளப்பாறையைப் பல பத்தாண்டுகளாகக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும், வீட்டுச் சுவருக்கும், கால்சியம் கார்பைடு ஆலைக்கும் அது போனது. அலையை மறித்த பாறை போனதும் அலை நேரே வந்து மணலைத் தின்றது. காரை என்றால் சுண்ணாம்புச் சாந்து. சல்லி என்றால் உடைகல். காரைச்சல்லி என்ற பெயரைச் சொல்லிப் பார்க்கும்போது, அந்தத் தீவுக்கு நேர்ந்த கதை பெயரிலேயே இருப்பதுபோல் தோன்றும்.

பவளத்தை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியைத் தொட்டால் என்ன தண்டனையோ அதே தண்டனை பவளத்தைத் தொட்டாலும். அதற்குள் வான் தீவு 16 ஹெக்டேரிலிருந்து கரைந்துகொண்டே வந்திருந்தது. 2015 வாக்கில் மிஞ்சியது சுமார் இரண்டு ஹெக்டேர்.

*

ஆக, சொந்தக் கரைக்கு எதிரே இருக்கும் தீவுகளில் இரவு தங்க வழியில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஊரறியக் கிளம்பி, ஓர் இரவு தங்கிவரக் கிடைக்கும் குடியில்லாத தீவு ஒன்று உண்டு. அது இன்னொரு நாட்டில் இருக்கிறது.

கச்சத்தீவு. 285 ஏக்கர். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 12 கடல்மைல். ஆண்டு முழுக்க ஆளில்லை, குடிதண்ணீர் இல்லை. நடுவே ஓர் அந்தோணியார் கோயில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் கட்டியது என்பது வழக்கு. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்தில், இரண்டு நாள் அங்கே திருவிழா. இந்தியக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் பல ஆயிரம் பேர் படகில் வந்து இறங்கி, ஓர் இரவு மணலில் படுத்து, மறுநாள் கிளம்பிவிடுவார்கள். அந்தோணியாரின் உண்மையான திருநாள் ஜூன் 13. அப்போது கச்சான் காற்று கடலைக் கடைந்துகொண்டிருக்கும். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு முந்தைய அமைதியான இடைவெளியில்தான் இந்தத் திருவிழா.

கரிசலுக்கும் இந்தப் புனிதருக்கும் உறவு பழையது. மணியாச்சிக்குப் பக்கத்தில் புளியம்பட்டி என்ற ஊரில் அவருக்குப் பெயர்பெற்ற திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையானால் அங்கே சாதி மதம் பார்க்காமல் கூட்டம் சேரும். தீராத நோயும் மனக்கலக்கமும் உள்ளவர்களைக் கூட்டிவந்து நாட்கணக்கில் தங்கவைப்பார்கள். லிஸ்பனில் 1195-ல் பிறந்து 1231-ல் இறந்த ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கம்பங்காட்டுக்கு நடுவிலும் ஆளில்லாத தீவிலும் ஒரே பெயரில் குடியிருக்கிறார். கேட்க ஆளில்லாதபோது மீன்களுக்குப் பிரசங்கம் செய்தவர் என்பது அவரைப் பற்றிய கதை. மீனவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டதற்கு அது ஒன்றே போதும்.

போகிறவர் முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பம். ராமேஸ்வரம் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயம் இந்தியப் பக்கத்துப் பயணத்தை ஒருங்கிணைக்கிறது. அடையாள அட்டை நகல், படகு விவரம், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் முன்கூட்டியே முடிய வேண்டும். பாஸ்போர்ட் வேண்டியதில்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் தீவு இலங்கைக்குப் போனது. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ கேட்கப்படாது என்று சொல்கிறது. தீவைக் கொடுத்த காகிதத்திலேயே திருவிழாவுக்கு ஒரு வாசலும் திறந்திருக்கிறது.

அடுத்தது மூட்டை கட்டுவது. இங்கே கரிசல்காட்டுப் பழக்கம் கைகொடுக்கும். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் (2020-ல் புவிசார் குறியீடு பெற்றது) வெயிலிலும் கெடாது. பாகு கருப்பட்டியோ வெல்லமோ, உடம்புக்குத் தெம்பு. சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் யாரும் இறைச்சியைத் தேடப்போவதில்லை. ஒரு போர்வை, ஒரு தார்ப்பாய், கயிறு, டார்ச். எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். விழா நாட்களில் இலங்கைக் கடற்படை குடிதண்ணீரும் சாப்பாடும் கழிப்பறையும் ஏற்பாடு செய்கிறது. என்றாலும் அனுபவசாலிகள் தங்கள் தண்ணீரைத் தாங்களே தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

*

பாம்பனைக் கடக்கும்போது ரயிலில் போகிறவருக்கு இப்போது புதுக் காட்சி. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதுப் பாலம் நிற்கிறது. பழையது கப்பலுக்கு இரு கைகளையும் விரித்து வழிவிட்டது. புதியது நடுப்பகுதியை லிஃப்ட் போலச் செங்குத்தாகத் தூக்கிக்கொள்கிறது. பழைய பாலம் திறந்த அதே 1914-ல்தான் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பும் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் கொழும்புவரை ஒரே டிக்கெட்டில் போனார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்த வழியும் போனது.

அதற்கும் முன்னால் தூத்துக்குடிதான் கொழும்புக்கு வாசல். ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, கேலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை அந்த வழியில்தான் விட்டது. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை முறிக்கப் பார்த்தது. 1908-ல் அவர் சிறைக்குப் போனார். கடலைப் பார்க்காத ஊரில் பிறந்தவர் கடலுக்கு ஆசைப்பட்டதைப் பற்றி அவருடைய ஊரில் இன்றும் பேச ஆளிருக்கிறது. அவர் பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. அந்த வீட்டைத் தாண்டி ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஏறுகிற பயணிக்கு, இலங்கைக் கடலில் இரண்டே நாள் போய்வர இத்தனை காகிதம் வேண்டியிருப்பது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகம் வேறு முகத்தோடு இருக்கும். திருவிழாவுக்காக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டிருக்கும். வலைகளை இறக்கிவிட்டு, தளத்தைக் கழுவி, மாலையும் தோரணமும் கட்டிய விசைப்படகுகள் வரிசையில் நிற்கும். நாட்டுப்படகுகளும் உண்டு. போலீஸ், சுங்கத்துறை, கடலோரக் காவல்படை என்று சோதனை மேல் சோதனை. பையைத் திறந்து காட்ட வேண்டும். மதுவும் புகையிலையும் கூடாது. உயிர்காக்கும் சட்டை மாட்டியாக வேண்டும். பட்டியலில் பெயரைச் சரிபார்த்து ஒவ்வொருவராக ஏற்றுவார்கள். மீன் அள்ளும் தளத்தில் அன்றைக்குப் பாட்டிகளும் கைக்குழந்தைகளும் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். டீசல் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் கலந்து வரும்.

கடலில் போகிற நேரம் இரண்டு, மூன்று மணி. கரை மறைந்தபின் பார்க்க எதுவும் இல்லை. கரிசல்காட்டுக்காரருக்கு இது பழகிய காட்சிதான். நாலு பக்கமும் தொடுவானம், நடுவில் நிழல் இல்லை. வித்தியாசம், தரை அசைகிறது. முதல்முறை வருகிறவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஓரத்தில் சாய்ந்திருப்பார்கள். எல்லைக்கோடு எங்கே என்று தண்ணீரில் எதுவும் எழுதியிருக்காது. இந்தியக் காவல்படைக் கப்பல் பின்தங்கி, இலங்கைக் கடற்படைக் கப்பல் முன்வருவதை வைத்துத்தான் தெரியும்.

தீவு உயரத்தால் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. முதலில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே பச்சைக் கோடு, பிறகு வெள்ளை மணல், பிறகு சிலுவை. பழைய கோயிலுக்குப் பக்கத்திலேயே இலங்கைக் கடற்படையின் உழைப்பில் கட்டிய புதுக் கோயில் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. தற்காலிகத் துறையில் இறங்கியதும் இன்னொரு சோதனை, இன்னொரு பதிவு. சீருடையில் நிற்பவர் சிங்களம் பேச, ஒலிபெருக்கி தமிழ் பேசும். கால் மணலில் புதையும்.

*

அழகும் தனிமையும் தேடி வந்தவர் இங்கே கொஞ்சம் திகைப்பார். ஜெனரேட்டர் ஓடுகிறது, குழல்விளக்கு எரிகிறது, யாரோ தொலைந்துபோன குழந்தையின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கோயிலைவிட்டுக் கொஞ்சம் தள்ளி நடந்தால் தீவு தன் போக்கில் இருக்கிறது. முட்புதர், மணல், அலை ஒதுக்கிய பவளச் சல்லியும் சிப்பியும். நின்றால் கடல் எல்லாப் பக்கமும் கேட்கும்.

முதல் வேலை இடம் பிடிப்பது. புதருக்கும் புதருக்கும் நடுவே கயிறு கட்டித் தார்ப்பாய் போடுகிறவர்கள், பழைய சேலையை இழுத்து நிழல் செய்கிறவர்கள், எதுவும் வேண்டாம் என்று மணலைக் குவித்துத் தலையணையாக்குகிறவர்கள். குலதெய்வக் கோயில் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புரியும். தண்ணீர்க் கேன் நடுவில், அதைச் சுற்றிக் குடும்பம்.

சாயங்காலம் கொடியேற்றம். நெடுந்தீவுப் பங்கின் பொறுப்பில், யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் மேற்பார்வையில் விழா நடக்கிறது. இரு நாட்டுக் குருக்களும் பீடத்தில் நிற்கிறார்கள். பிறகு சிலுவைப்பாதை. தீவின் மணலில் பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் முழங்கால் ஊன்றிச் செபம். இருட்டியபின் திருப்பலி, அதற்குப் பின் தேர்பவனி. அந்தோணியார் மின்விளக்குத் தேரில் வருகிறார். இரண்டு கரையின் தமிழும் ஒரே பாட்டைப் பாடுகிறது. ஒரே சொல்லை இரண்டு விதமாக இழுக்கிறது என்று காதைத் தீட்டிக் கேட்டால் தெரியும்.

நடுவில் ஒரு சின்னச் சந்தை. நெடுந்தீவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் சோப்பு, தேங்காயெண்ணெய், தேயிலை பரப்பியிருப்பார்கள். ‘என்ன விலை?’ என்று கேட்டதும், ‘எவடம் நீங்கள்?’ என்று பதில் கேள்வி வரும். எவடம் என்றால் எந்த இடம். ஓட்டப்பிடாரம் என்றால் தெரியாது. தூத்துக்குடி என்றால் தெரியும். வ.உ.சி. ஊர் என்றால் இன்னும் சில பேருக்குத் தெரியும். நெடுந்தீவு பவளக்கல்லை அடுக்கி வேலி கட்டிய ஊர். காட்டுக்குதிரைகள் திரியும் ஊர். போரில் சிதறிய குடும்பங்களில், பார்த்துப் பல ஆண்டுகளான உறவினர்கள் இந்த மணலில் சந்தித்துக்கொள்வதும் உண்டு. பாஸ்போர்ட்டும் விமான டிக்கெட்டும் வாங்க முடியாதவர்களுக்கு இது ஆண்டுக்கு ஒரு முறை திறக்கும் முற்றம்.

திறக்காத ஆண்டுகளும் இருந்தன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் விழா பல ஆண்டுகள் தடைப்பட்டது. 2009-ல் போர் முடிந்த பிறகுதான் மீண்டும் தழைத்தது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது ராமேஸ்வரத்துப் படகுகள் கிளம்பவில்லை. 2024 பிப்ரவரியில், பிடிபட்ட மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து மறுபடி புறக்கணித்தார்கள். 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி ஒருவர் கடலில் இன்னொருவர் மீன்பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டு விசைப்படகின் இழுவைமடி வலை தங்கள் கடலடியை வழித்துவிட்டுப் போகிறது என்பது யாழ்ப்பாண மீனவரின் குமுறல்; பாட்டன் காலத்துக் கடலில் தாங்கள் கைதாவது ராமேஸ்வரத்தவரின் குமுறல். இரண்டு குமுறலும் அன்றிரவு ஒரே மணலில், பத்தடி இடைவெளியில் படுத்திருக்கும்.

நள்ளிரவு தாண்டினால் ஒலிபெருக்கி ஓயும். மாசிப் பனி இறங்கும். தார்ப்பாயின் மேல் ஈரம் முத்து முத்தாக நிற்கும். மேற்கே ஓரியன் விண்மீன்கூட்டம் சாய்ந்துகொண்டிருக்கும். யாரோ கேனைச் சாய்த்துத் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் அந்தத் தீவில் கேட்கும் நல்லதண்ணிச் சத்தம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் உப்புத்தண்ணி.

*

சனிக்கிழமை விடியலில் மறுபடி திருப்பலி. அது முடிந்ததும் தீவு வேகமாகக் காலியாகும். கயிறுகள் அவிழும், தார்ப்பாய் உதறப்படும், காலிக் கேன்கள் தோளில் ஏறும். போகும்போது கனமாக இருந்தது வரும்போது வெறும் காற்றாகி ஆடும். ஒலிபெருக்கி குப்பையை எடுத்துச் செல்லுமாறு கடைசி முறை சொல்லிவிட்டு நிற்கும். பிற்பகலுக்குள் படகுகள் இரண்டு திசையில் பிரிந்துவிடும். அந்தோணியாருக்கு அடுத்த மாசி வரை காவலுக்கு வரும் கடற்படையினரும் கடற்பறவைகளும்தான் துணை.

ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்புகிறது பஸ். இப்போது தீவுகள் இடது பக்கம்: முயல், வாழை, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி. கடைசியாகக் காரைச்சல்லி. 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த அந்தத் தீவு அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் கரைந்துவிட்டது.

வான் தீவில் 2015 கடைசியில் ஒரு வேலை தொடங்கியது. துளையிட்ட சிமெண்ட் கூடுகளை ஆயிரக்கணக்கில் வார்த்து, தீவின் கடல்பக்கம் வரிசையாக இறக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கணக்கும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் கடலறிவும் அதில் சேர்ந்தன. அலை கூடுகளில் மோதித் தளர்ந்தது, மணல் தங்கியது, கூட்டின் துளைகளில் மீன் குடியேறியது, மேலே பவளம் ஒட்டி வளர்ந்தது. ஒருகாலத்தில் பவளத்தைப் பெயர்த்துச் சுண்ணாம்பாக்கிக் கரைக்குக் கொண்டுவந்தோம். இப்போது சிமெண்டை வார்த்துக் கடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். காரைச்சல்லிக்கும் அதே வைத்தியத்தை உலக வங்கி நிதியோடு தமிழ்நாடு அரசு கையிலெடுத்திருக்கிறது.

தருவைகுளம் விலக்கில் இறங்குகிறவர் கரைக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புகிறார். கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது. வலைக்குப் போன படகு ஒன்று திரும்பிக்கொண்டிருக்கிறது. காரைச்சல்லி எந்தத் திசை என்று கேட்டால், வலை சிக்கெடுக்கும் பெரியவர் நிமிராமலே கையை மட்டும் நீட்டுகிறார்.

ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் பாதி வழியில் மண் மறுபடி கறுக்கத் தொடங்குகிறது. காலடியில் உருளும் காலிக் கேனைப் பக்கத்து இருக்கைப் பாட்டி எடுத்து நிமிர்த்தி வைக்கிறாள்; மூடியைத் திருகி, ஒரு சொட்டாவது மிச்சமிருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கிறாள்.